ஊறுகாய் ஜாடிப் பேயும் ஒரு மேஜையும்

தள்ளுவண்டியில் புத்தகம் விற்கிறவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று மழை, இன்னொன்று படித்தவர்கள். மழைக்காவது தார்ப்பாய் இருக்கிறது.

கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, பூக்கடைகளுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் என் வண்டி நிற்கிறது. கோலப் புத்தகம், சமையல் குறிப்பு, வாய்ப்பாடு, பிள்ளைகளுக்கான கதைகள், இவைதான் என் சரக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. வாத்தியார் விரட்டினார். அந்த வாத்தியாரின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை. துணிக்கடையோ, மருந்துக்கடையோ, டீக்கடையோ, ஏதோ ஒரு கடையைப் போட்டு மனிதர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம்.

மேஜை போன விதம்

எங்கள் ஊரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் இருக்கிறது. வருஷா வருஷம் ஆண்டு விழா அன்று அதன் கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்தடியில், எனக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போடுவார்கள். மேஜை அவர்களுடையது, புத்தகம் என்னுடையது. வெயில் படாது. பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். என் வியாபார வாழ்க்கையில் நான் உட்கார்ந்து விற்ற ஒரே இடம் அதுதான். மற்ற நாளெல்லாம் நின்றே விற்று முழங்கால் தேய்ந்தவன் நான்.

கொரோனாவுக்கு முந்தின ஆண்டு விழாவில் பள்ளிக்கூடத்தின் தாளாளர், ஊர் வாயில் கரஸ்பாண்டன்ட் சார், விருந்தாளிகளோடு என் பக்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி. அவர் கண்ணில் பட்டது 'ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு பேய்' என்ற படக்கதை. ஒரு வீட்டுச் சமையற்கட்டில், மேல் தட்டில் இருக்கும் ஊறுகாய் ஜாடியின் மூடி தினமும் தானாகத் திறக்கும். ஒருநாள் ஒரு விரல் தெரியும், மறுநாள் ஒரு கை தெரியும், கடைசியில் பேய் தலையை வெளியே நீட்டி வீட்டுப் பையனை நேராகப் பார்த்து வாயைத் திறக்கும். அந்த வாயிலிருந்து என்ன வருகிறது என்பது கடைசித் தாளில் இருக்கிறது. தாளாளர் அட்டையைப் பார்த்தார், பிள்ளைகள் மனதில் பயத்தை விதைக்கிறேன் என்றார், புத்தகத்தைப் பிடுங்கினார். நான் விடவில்லை. அவர் இழுக்க, நான் இழுக்க, புத்தகம் அவரோடு போய்விட்டது. கடைசித் தாள் மட்டும் என் கையில் நின்றது.

அதோடு விட்டாரா? பெற்றோர், டீச்சர்மார், வாட்ச்மேன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மேஜையைத் தூக்கச் சொன்னார். கேட்டுக்கு வெளியே மூட்டையோடு நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்னது: "பேயை வித்துப் பொழைக்கிறதுக்கு, பஸ் ஸ்டாண்டுல பட்டாணி விக்கலாம்ல பெரியவரே?"

கட்டிலுக்கு அடியில்

அன்றிலிருந்து நான் பட்டாணி தின்பதில்லை. குருமாவில் கிடந்தாலும் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்துத் தெருவில் வண்டியைத் தள்ளுவதில்லை, ஊருணியைச் சுற்றித்தான் போவேன். கொரோனா வந்தது, போனது. என் கோபம் போகவில்லை.

கோபத்தை வெறும் கோபமாக வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. புதுக்கோட்டைக்குப் போய், கீழ ராஜ வீதிப் பக்கம் இருந்த மொத்தக் கடையில் பிள்ளைகளுக்கான பேய்க் கதை என்று என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தேன். தாளாளரின் கார் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகும். போகும்போது வண்டி முழுக்கப் பேயாகத் தெரியட்டும் என்று முன்வரிசையில் அடுக்கினேன். ஊறுகாய் ஜாடியைத்தான் முதலில் கேட்டேன். அதை இப்போது அச்சடிப்பதே இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மற்றப் பேய்களையும் யாரும் வாங்கவில்லை. அட்டையைப் பார்த்ததும் தாய்மார்கள் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜூஸ் கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என் கையில் நின்ற அந்தக் கடைசித் தாளை மட்டும் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே மனிதர், அதே வாயால், அதே வேப்பமரத்தடியில், நாலு பேர் பார்க்க என் மேஜையைப் போடச் சொல்ல வேண்டும். இதை வீட்டில் சொன்னால் கேலி. என் மனைவி செல்லம்மாள் பால் திரிந்தாலும், மிக்சி புகைந்தாலும், அவள் தம்பி சொல்லாமல் வந்து நின்றாலும் அந்தத் தகரப் பெட்டியைத்தான் பார்ப்பாள். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டவள் பெட்டியில் இடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்க கோவத்தை வைக்கவே இந்த வீட்டுல எடம் பத்தல. இதுல பேய்க்கு வேற ரூம் போட்டுக் குடுத்திருக்கீங்க."

நல்ல பேயாகப் பார்த்து

போன ஐப்பசியில் தீபாவளி முடிந்து, பட்டாசுக் குப்பை ரோட்டில் நனைந்துகொண்டிருந்த நேரம். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து நின்று, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், "அண்ணே, பேய் புக் இருக்கா?" என்றது. யாரோ சொல்லிக்கொடுத்துக் கேலி செய்ய வந்திருக்கிறது என்று நினைத்தேன். செல்போனை நீட்டியது. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதால் அதுவே விளக்கியது.

புதிதாக வந்திருக்கும் இங்கிலீஷ் மிஸ் ஹாலோவீன் கொண்டாடப் போகிறாராம். வெள்ளைக்காரர்கள் ஊரில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்க அனுப்புவார்களாம். இங்கே மிட்டாய் வேண்டாம், புத்தகம் என்று மிஸ் முடிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்கும். சீட்டில் யார் பேர் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு ஒரு பேய்க் கதைப் புத்தகம் பரிசு. கறுப்புத் தாளில் சுற்ற வேண்டும். கொடுத்தது யார் என்று தெரியக் கூடாது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். அதே பள்ளிக்கூடம்! வெள்ளைக்காரப் பேய் என்றதும் தாளாளரும் தலையை ஆட்டிவிட்டாராம்.

எனக்கு ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. என்னைத் துரத்திய இடத்துக்கு இப்போது நான் பேய் சப்ளை செய்ய வேண்டும். "தர்றேம்மா. ஒங்க கரஸ்பாண்டன்ட் சாரை வந்து கேக்கச் சொல்லு, அப்பத் தர்றேன்" என்றேன். அந்தப் பெண் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தது. "பரிசு எம் புள்ளை குடுக்கப் போறது அண்ணே. பயமில்லாத நல்ல பேயா ஒண்ணு எடுங்க. கரஸ்பாண்டன்ட் சார் பேயை நீங்க தனியாப் பேசித் தீத்துக்கங்க."

பெயரில்லாத செய்முறை

மறுநாள் தகரப் பெட்டி வண்டிக்கு வந்துவிட்டது. ஊரே வந்தது. அதில் மேலக்காட்டுத் தென்னந்தோப்புக்காரர் கருப்பையாவும் ஒருவர். மகளுக்காக வந்தவர் ஒரு குட்டிச்சாத்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி முதல் பக்கத்தில் எழுதப் போனார். கொடுப்பவர் பேர் தெரியக் கூடாதாம், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். மனிதர் பேனாவை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு அவர் அதிர்ச்சி புரியும். கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து, எதுவானாலும் செய்தவர் பேரும் ஊரும் மைக்கில் வந்தாக வேண்டும். வராவிட்டால் செய்தவருக்குச் சோறு இறங்காது. "பேர் போடாம எப்படிங்க செய்யறது? நாளைக்கு அந்தப் புள்ளை வீட்டுல நமக்குத் திருப்பிச் செய்யணும்ல? யாருக்குச் செய்வாங்க, காத்துக்கா?" என்றார். இது மொய் மாதிரித் திருப்பிச் செய்கிற செய்முறை இல்லை, வெறும் விளையாட்டு என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பக்கத்தில் போட்டால்தானே தெரியும்? புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் கருப்பையா, மேலக்காடு, தகப்பனார் பேர், தோப்புக்குப் போகும் வழி எல்லாம் எழுதினார்.

பக்கத்தில் நின்ற அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கடன் வாங்கியது. அதற்கடுத்தது வீட்டுக்காரர் பேர் மட்டும் போதாது என்று மாமனார் பேரையும் சேர்த்தது. அன்று என் வண்டியிலிருந்து போன பேய்களில் விலாசம் இல்லாத பேய் ஒன்றுகூட இல்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று நான் முணுமுணுத்ததற்குக் கருப்பையா சொன்ன பதில்: "பேய் வேணா யாருன்னு தெரியாம வந்துட்டுப் போகலாங்க. எங்க குடும்பம் அப்படி வராது."

பொட்டு வைத்த பேய்

கறுப்புத் தாள்தான் அடுத்த தலைவலி. பரிசுப் பொருளைக் கறுப்பில் சுற்றிக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஒரு அம்மா உள்ளே மஞ்சள் தாள், வெளியே கறுப்புத் தாள் என்று இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னது. இன்னொன்று கறுப்புத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு வந்தது. அது பொம்மைப் புடவைக்குக் கரை போட்ட மாதிரி இருந்தது.

பூக்கடையில் மாலை கட்டும் வசந்தா என்ற பெண்தான் எல்லோரையும் மிஞ்சியது. மகனுக்காக அது எடுத்த புத்தகத்தின் அட்டையில் தலைவிரி கோலமாக ஒரு பெண் பேய். "அடுத்த வீட்டுப் புள்ளைக்கு இப்படியே குடுத்தா நாளைக்கு அதுக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னையத்தான் சொல்லுவாங்க" என்றது. ஓடிப்போய்க் கடையிலிருந்து குங்குமம் எடுத்து வந்து பேயின் நெற்றியில் வட்டமாகப் பொட்டு வைத்தது. அதுவும் போதவில்லை, ஒரு துண்டு மல்லிகைச் சரத்தை அட்டையில் பேயின் தலைமாட்டில் வைத்து டேப் போட்டு ஒட்டியது. ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தது. முகத்தில் நிம்மதி வரவில்லை.

என்னம்மா, இப்போது மங்களகரமாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். "அதான் அண்ணே பிரச்சினை. பேயா இருந்தப்ப பயம் இல்ல. பூவும் பொட்டும் வச்சதும் அப்படியே எங்க நாத்தனார் மாதிரியே இருக்கு."

தாளாளர் வீட்டுச் சீட்டு

கட்டுமாவடியிலிருந்து டெம்போவில் மீன் கொண்டுவந்து எங்கள் சந்தையில் போடுகிறவர் சாகுல் பாய். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மனைவியின் ஊர் இது என்பதால் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அன்று மீன் பெட்டியை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார். கையில் மகள் எடுத்த சீட்டு. "யாரு பேரு வந்திருக்கு பாருங்கண்ணே. கரஸ்பாண்டன்ட் பேரன்!"

நான் விறுவிறுவென்று வேலையில் இறங்கினேன். இத்தனை வருஷமாகக் காத்திருந்தவனுக்குக் கடவுளே சீட்டுப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. இருக்கிற பேய்களிலேயே பல் நீளமான பேய், கண் வெளியே தொங்கும் பேய், கதவிடுக்கில் நிற்கும் பேய் என்று பொறுக்கிப் பொறுக்கி வைத்தேன். பையன் அலறுகிற அலறலில் தாளாளர் கட்டிலிலிருந்து விழ வேண்டும். சாகுல் பாய் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்தார். என் மேஜை போன கதை அவருக்குத் தெரியும். சந்தையில் தெரியாதவர் யாரும் இல்லை, நான்தான் சொல்லியிருக்கிறேன். கடைசியில் நான் எடுத்து வைத்ததையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, வயிறு பெருத்த ஒரு பேய் வடை திருடி மாட்டிக்கொள்ளும் கதையைக் கையில் எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நீங்களும் அந்த ஆள் பக்கமா என்றேன். சாகுல் பாய் மீன் வாசனையோடு என் தோளில் கை போட்டார். "அட நீங்க ஒண்ணு. பயமுறுத்துற கதைன்னா புள்ளை போர்த்திக்கிட்டுத் தூங்கிரும். சிரிப்புக் கதையைக் குடுத்துப் பாருங்க, ஒரு மாசத்துக்குத் தாத்தாவைத் தூங்க விடாம அதையே சொல்லிச் சொல்லிக் கொன்னுரும்."

கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை

பரிசு நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் இங்கிலீஷ் மிஸ் போன் செய்தார். சில பிள்ளைகளுக்கு வீட்டில் வாங்கித் தரவில்லையாம், யாரும் வெறுங்கையோடு வரக் கூடாதாம். மிச்சம் இருப்பதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று தன்மையாகக் கேட்டார். சின்னப் பெண், என் வழக்கு எதுவும் அதற்குத் தெரியாது. சரி என்றேன். ஊருணியைச் சுற்றாமல், அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளினேன்.

கேட்டோடு நின்றுவிட்டேன். வாட்ச்மேன் முத்து உள்ளே வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். மேஜை போட்டால் வருவேன், போடாவிட்டால் புத்தகம் மட்டும் உள்ளே போகும், நான் போக மாட்டேன். மிஸ் குடையோடு ஓடி வந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. வேப்பமரம் பத்தடி தூரத்தில் நிற்கிறது, அதன் அடியில் சொட்டு ஈரம் இல்லை. நான் வெளியே தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். மாடி ஜன்னலில் தங்க பிரேம் கண்ணாடி தெரிந்த மாதிரி இருந்தது. தெரியட்டும் என்று இன்னும் நிமிர்ந்து நின்றேன். தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முத்து தன் கூண்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் தலையை நீட்டிச் சொன்னார்: "தீபாவளிக்கு மோதிரம் போடலைன்னு கோவிச்சுக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளைகூட மழை வந்தா உள்ள வந்துருவாருங்க."

கோலப் புத்தகம் பார்த்தவர்

அன்று சாயங்காலம் வண்டியை மூடப் போகும் நேரம் தாளாளரின் கார் பஸ் ஸ்டாண்டில் நின்றது. அவரே இறங்கினார், அவரே குடை பிடித்தார். என் வண்டிக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கோலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வைத்தார். இன்னொரு கோலப் புத்தகத்தை எடுத்தார். "சிக்குக் கோலமா, பூக்கோலமா?" என்று கேட்டேன். அப்போதுதான் கையிலிருந்த மஞ்சப்பையைத் திறந்தார். உள்ளே ஊறுகாய் ஜாடி!

அட்டை தேய்ந்து போயிருந்தது. ஓரமெல்லாம் மடங்கி, முதுகில் டேப் ஒட்டி, பார்த்தாலே பலமுறை படித்த புத்தகம் என்று தெரிந்தது. "பேரன் நாளைக்கு ஒரு பொண்ணுக்குப் பரிசு குடுக்கணும். ஒங்ககிட்ட வர வேணாமேன்னு வீட்டுல இருந்ததை எடுத்துக் குடுத்தேன். கதை முடியலையே தாத்தா, இதைக் குடுத்தா கிளாஸ்ல சிரிப்பாங்கன்னு தூக்கிப் போட்டுட்டான்" என்றார். வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டார். அச்சிலேயே இல்லை என்றேன். மத்தியானம் மிஸ் அள்ளிக்கொண்டு போனதில் வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, "அன்னிக்கு அந்தத் தாளு ஒங்க கையிலதானே நின்னுச்சு?" என்றார். இருக்கிறது என்றேன். "என்ன வேணும்?" என்றார்.

இந்த நாளுக்காக நான் ஒரு பெரிய பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். பட்டாணியில் தொடங்கி மரியாதையில் முடியும். செல்லம்மாளுக்கு அது மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது: "மேஜை." அவர் தலையை ஆட்டினார். வாட்ச்மேனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். வாட்ச்மேன் இல்லை, நீங்கள் சொல்ல வேண்டும், காலையில், எல்லோரும் பார்க்க, வேப்பமரத்தடியில் என்றேன். மேஜை வந்ததும் தாள் வரும். அதற்கும் தலையை ஆட்டினார். காரை நோக்கி நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இது ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிருங்க. அந்தப் பேய் பையனைக் கடிச்சுதா, இல்லையா?"

நான் சொல்லவில்லை.

கடைசித் தாள்

காலையில் மழை விட்டிருந்தது. அப்பா அம்மாக்கள் கறுப்புப் பொட்டலங்களோடு கேட்டில் கூடியிருந்தார்கள். கருப்பையா இருந்தார், வசந்தா இருந்தது, சாகுல் பாய் மீன் இறக்குகிற நேரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். தாளாளர் படியிறங்கி வந்து கேட்டருகில் நின்று, தொண்டையைக் கனைத்து, "முத்து, பெரியவருக்கு வேப்பமரத்தடியில மேஜை போடு" என்றார். முத்து மேஜையைத் தூக்கிவந்து தன் தோள் துண்டால் துடைத்தார். நாற்காலியும் வந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று சாகுல் பாயிடம்தான் கேட்க வேண்டும், எனக்குக் கண் கொஞ்சம் மறைத்தது. அலுவலகத்திலிருந்து டீயும் ஒரு தட்டில் சுண்டலும் வந்தன. பட்டாணிச் சுண்டல். டீயை மட்டும் குடித்தேன்.

பிறகு ரேஷன் கார்டு கவரிலிருந்து தாளை எடுத்து, பசை தடவி, ஊறுகாய் ஜாடியின் கடைசியில் வாகாக ஒட்டிக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் அதைப் படிக்கப் போவதில்லை என்பது போல அவர் மூடிவிட்டார். ஆனால் பேனாவை எடுத்தார். பெயர் தெரியக் கூடாது என்று சட்டம் போட்ட பள்ளிக்கூடத்துத் தாளாளர், நம் ஊர்க்காரர்தானே! பேரன் பேரையும் தன் பேரையும் எழுதுவதற்காகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கண் தானாகப் படத்துக்குப் போய்விட்டது. ஜாடியிலிருந்து தலையை நீட்டி, வாயைத் திறந்து, பேய் அந்தப் பையனிடம் கேட்கிறது: "தம்பி, கொஞ்சம் தயிர்சாதம் இருக்கா?"

அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். முகம் சிவந்தது. கூட்டத்தை மறந்து, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, என் காதருகில் குனிந்து சொன்னார்: "தயிர்சாதத்துக்கா? தண்ணி குடிக்கக்கூட இத்தனை வருஷமா நான் தனியா சமையக்கட்டுக்குப் போகல பெரியவரே, வீட்டுல யாரையாச்சும் எழுப்பிக் கூட்டிக்கிட்டுல்ல போனேன்!"

பேய்ப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் எல்லாம் நிம்மதியாகத் தூங்க, அதைப் பிடுங்கிக்கொண்டு போனவர்தான் வருஷக்கணக்கில் விழித்துக் கிடந்திருக்கிறார் என்று தெரிந்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது; மீதிப் பாதியைப் பட்டாணிக்காக வைத்திருக்கிறேன்.